செங்கல் கேரேஜில் எம்எக்ஸ்-5: முதலில் கூரையா, தரையா, காரா?

நீலரோட்ஸ்டர்:

கார் 1991 யூனோஸ் ரோட்ஸ்டர், 1.6 (ஜப்பானில் மாஸ்டா எம்எக்ஸ்-5 விற்ற பெயர் இதுதான்). கேரேஜ் இங்கிலாந்து மிட்லண்ட்ஸில், 1960களில் கட்டியது, வீட்டை ஒட்டாமல் தனியாக நிற்கிறது. உள்ளளவு 4.8 மீட்டருக்கு 2.4, உயரம் 2.2. ஒற்றை வரிசைச் செங்கல் சுவர். கூரை நெளி சிமெண்ட் தகடு. சுவருக்குச் சுவர் மூன்று மரச் சட்டங்கள், 50க்கு 100 மி.மீ., 1.2 மீட்டர் இடைவெளியில். தரை பூசாத கான்கிரீட். கதவு தூக்கி உள்ளே சாயும் இரும்புத் தகட்டுக் கதவு. அடியில் இடது பக்கம் 5 மி.மீ., வலது பக்கம் 18 மி.மீ. இடைவெளி.

சிக்கல்: மழை பெய்யாத நாளிலும் காலையில் பானெட் வியர்த்து நிற்கிறது. கருவிப் பெட்டிக்குள் ஸ்பானர்கள் பழுப்பாகின்றன. காருக்குள் கம்பளம் நாறுகிறது.

யோசித்து வைத்திருப்பவை: தரைக்கு எபாக்ஸி, காற்றின் ஈரத்தை எடுக்கும் ஒரு டிஹ்யூமிடிஃபையர், கழற்றிய ஹார்ட்டாப்பைக் (காரின் கெட்டிக் கூரை) கேரேஜ் கூரையில் தொங்கவிட ஒரு ஏற்பாடு, அடியில் வேலை செய்ய லிஃப்ட், பிறகு காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்தது). கைக்காசு எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் போதாது. எந்த வரிசையில் போவது?

ஈரமானி:

டிஹ்யூமிடிஃபையர் வாங்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். அதற்கு 45 செ.மீ. சதுர பாலித்தீன் தாள் மூன்று போதும். ஒன்றைக் கதவோரத் தரையிலும், ஒன்றை நடுவிலும், ஒன்றைப் பின்சுவரோரமும் விரித்து, நான்கு ஓரமும் இடைவெளி விடாமல் டேப் ஒட்டி 48 மணி நேரம் விடுங்கள். தாளின் அடிப்பக்கம் நனைந்து கான்கிரீட் கறுத்திருந்தால் ஈரம் தரை வழியே ஏறுகிறது. மேல்பக்கம் நனைந்திருந்தால் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த தரையில் படிகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

பானெட் வியர்ப்பது இரண்டாவது வகைதான். குளிர்ந்த இரவுக்குப் பிறகு தென்மேற்குக் காற்று வரும் நாளைக் கவனியுங்கள். வெளிக்காற்று 11 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் அதன் பனிநிலை (அதில் உள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 9 டிகிரிக்குச் சற்று மேலே. உள்ளே நிற்கும் ஒரு டன் இரும்பு இன்னும் 4 டிகிரியில்தான் இருக்கும். அந்தக் காற்று தொட்ட இடமெல்லாம் தண்ணீராகும்.

இன்னொரு கணக்கு. உங்கள் கேரேஜ் சுமார் 25 கன மீட்டர். 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 9.4 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மொத்தக் காற்றையும் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். மழையில் ஓட்டிவந்த கார் சக்கர வளைவிலும் அடித்தட்டிலும் கொண்டுவரும் தண்ணீர் இதைவிடப் பல மடங்கு. காரை நனைந்தபடியே உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால் எந்தக் கருவியும் அன்றிரவு ஈடு கொடுக்காது. வெளியிலேயே தண்ணீர் வடியவிட்டு, ஓரங்களைத் துடைத்து, பிறகு உள்ளே விடுங்கள்.

வேலை வரிசை: கதவடி, சுவர், கூரை, அதற்குப் பிறகு கருவி. தரைப்பூச்சு கடைசி.

கதவடிக்கு ரப்பர் வாசற்படிப் பட்டை கிடைக்கும். உங்கள் 18 மி.மீ.க்கு 20 மி.மீ. உயரப் பட்டை சரி. மூடிய கதவின் அடிவிளிம்பு பட்டையின் மேட்டில் அழுந்தி உட்காரவேண்டும். ஒட்டும் முன் கதவைச் சாத்திச் சாக்பீஸில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் தூசி எடுத்துப் பாலியூரித்தேன் பசையில் ஒட்டி, 24 மணி நேரத்துக்குச் சக்கரம் ஏற்றாதீர்கள். ஈரத் தரையிலும் தூசியிலும் ஒட்டினால் முதல் குளிர்காலத்திலேயே சக்கரம் அதை உரித்துவிடும். பக்கவாட்டுக்குத் தூரிகைப் பட்டை.

சுவர் அரைச்செங்கல், அதாவது சுமார் 10 செ.மீ. தான். சாய்மழை நேராக உள்ளே வரும். உதிர்ந்த மூட்டுக் கலவையைச் சுரண்டிப் புதிதாக அடைத்து, அது உலர்ந்தபின் வெளிப்பக்கம் சிலேன்-சிலாக்சேன் நீர்விலக்கி பூசுங்கள். இது செங்கலின் மூச்சை அடைக்காது. உட்புறம் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் சுவரில் ஈரம் மாட்டிக்கொண்டு, உறைபனியில் செங்கலின் முகம் பொரிந்து உதிரும்.

கூரை பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். 1960களின் நெளி சிமெண்ட் தகடு என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் அதற்கு முழுத் தடை வந்தது 1999இல்தான். துளை போடாதீர்கள், அழுத்தத் தண்ணீரால் கழுவாதீர்கள், பாசியைச் சுரண்டாதீர்கள். உடையாமல் கிடக்கும்வரை அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

தகட்டிலிருந்து சொட்டுவதை நிறுத்த, தகட்டைத் தாங்கும் மரக் கைகளின் அடியில் 25 மி.மீ. பிஐஆர் (வெப்பம் தடுக்கும் கெட்டி நுரை) பலகையும் அதன்கீழ் 12.5 மி.மீ. பிளாஸ்டர் பலகையும் அடிக்கலாம். 60 மி.மீ. திருகு போதும்: பலகைகளைத் தாண்டி மரத்துக்குள் 22 மி.மீ. பிடிக்கும், தகட்டை எட்டாது. பலகை மூட்டுகளில் அலுமினிய டேப். மேலே தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடைவெளி காற்றாடவேண்டும், ஆகவே சுவருச்சியில் நெளிவுகளின் வாய்களை நுரையால் அடைக்காதீர்கள். பெட்ரோல் கார் நிற்கும் இடத்தில் பிஐஆர் நுரையைப் பிளாஸ்டர் பலகையால் மூடாமல் விடக்கூடாது.

வெளிக்காற்று:

மேலே சொன்னதில் ஒன்று இடிக்கிறது. கேரேஜ் என்றால் காற்றோட்டம் வேண்டாமா? முன்னும் பின்னும் இரண்டு காற்றுச் செங்கல் வைத்தால் டிஹ்யூமிடிஃபையரே தேவையில்லை என்பதுதான் வழக்கமான அறிவுரை. எல்லாவற்றையும் அடைத்தால் பெட்ரோல் வாடையும் சேர்ந்து அடைபடும்.

ஈரமானி:

அந்த அறிவுரை தவறில்லை, அரைகுறையாகச் செய்வதுதான் தவறு. நன்றாகத் திறந்த கேரேஜில் கார் ஓரளவு வெளிக்காற்றின் போக்கிலேயே சூடாகிக் குளிரும்; வியர்த்தாலும் சீக்கிரம் உலரும். நன்றாக மூடிய கேரேஜில் கருவி ஈரத்தை எடுக்கும். பாதி திறந்து வைத்துக் கருவியையும் ஓட்டினால் ஊரிலுள்ள காற்றையெல்லாம் உலர்த்தும் செலவு உங்கள் தலையில்.

இரும்பு வேகமாகத் துருப்பிடிப்பது ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போது. பிரிட்டிஷ் குளிர்காலத்தில் வெளிக்காற்றே பெரும்பாலும் 80க்கு மேல் இருப்பதால், காற்றோட்டத்தால் மட்டும் 60க்குக் கீழே இறக்க முடியாது. சில் (கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடு) ஏற்கெனவே பலவீனமான கார் என்றால் மூடி உலர்த்துவதே என் தேர்வு.

கருவி வாங்கும்போது கம்ப்ரசர் வகை வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே அதன் சுருள் பனி கட்டி, பாதி நேரம் அதை உருக்குவதிலேயே போய்விடும். ஈரத்தை உறிஞ்சும் பொருளால் இயங்கும் டெசிகண்ட் வகை உறைநிலை அருகிலும் வேலை செய்யும். 55 சதவீதத்தில் வையுங்கள். தொட்டியை நம்பாமல் குழாய் மாட்டி வெளியே வடியவிடுங்கள். தொட்டி நிரம்பினால் கருவி நின்றுவிடும், நீங்கள் ஒரு வாரம் கழித்துத்தான் பார்ப்பீர்கள்.

பெட்ரோல் வாடை பற்றிச் சொன்னது சரியான பயம். டெசிகண்ட் கருவிக்குள் சூடேற்றும் கம்பி இருக்கிறது, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமாதலால் தரையில் தங்கும். கருவியை இடுப்பளவு அலமாரியில் வையுங்கள். எரிபொருள் குழாயைக் கழற்றும் நாளில் பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்து வையுங்கள்.

கறள் எதிரி:

தம்பி, கராஜைப் பற்றி ஈரமானி வடிவாச் சொல்லிப்போட்டார். ஆனால் கம்பளம் மணக்குது எண்டால் அது கராஜின் பிழை இல்லை, காருக்குள்ளேயே தண்ணி நிக்குது. இந்தக் காரில் முதல் சந்தேகம் சாஃப்ட்டாப் வடிகால்.

துணிக்கூரையின்ர பின்விளிம்பில் விழுகிற மழைத்தண்ணி ஒரு தவாளியில் சேர்ந்து, சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் உள்ள குழாயால இறங்கி, பின்ரயருக்குக் கொஞ்சம் முன்னால காரின் அடியில வெளியேறும். இலை, நூல், மண் சேர்ந்து இது அடைபட்டால் தண்ணி வழிஞ்சு கம்பளத்துக்கும், அங்கிருந்து பக்கச் சில்லுக்குள்ளயும் போகும். எம்எக்ஸ்-5 இன் சில் பின்முனையில் கறள் பிடிக்கிறதுக்கு முக்கிய காரணம் இதுதான்.

சோதனை: அரை லீற்றர் தண்ணியை மெதுவா ஒரு பக்க வடிகாலில் ஊத்துங்கோ. ஊத்துகிற வேகத்திலேயே கீழே வந்தால் சரி. சொட்டுச் சொட்டா வந்தால் பாதி அடைப்பு. வரவே இல்லை எண்டால் குழாய் முழுசா அடைபட்டிருக்கு, இல்லாட்டி கழண்டு தண்ணி சில்லுக்குள்ள போகுது. உடன ஊத்துறதை நிறுத்துங்கோ. அடைப்பெடுக்கத் திரைச்சீலைச் சுருள்கம்பி அல்லது புல்வெட்டி நைலோன் நூல் போதும். கொம்ப்ரசர் காத்து அடிக்க வேண்டாம். அது குழாயை மூட்டிலிருந்து தள்ளிவிடும், பிறகு வேலை பத்து மடங்கு.

அடுத்தது சில். பின்ரயருக்கு முன்னால உள்ள 30 சென்ரிமீற்றரை ஸ்குரூ டிரைவர் பிடியால தட்டிப் பாருங்கோ. கணீரெண்டு கேட்டால் நல்லது, மந்தமாக் கேட்டால் உள்ளுக்குப் புட்டியோ கறளோ இருக்கு. வெளியில பெயின்ற் கொப்புளிச்சிருந்தால் உள்தகடு ஏற்கெனவே போயிட்டுது எண்டு அர்த்தம், ஏனெண்டால் இது உள்ளேயிருந்து வெளியே வருகிற கறள். அதுக்கு வெட்டி வெல்டிங்தான். மேலே புட்டி பூசுறது அடுத்த எம்ஓடியில் (பிரிட்டனின் வருடாந்த வாகனச் சோதனை) அவமானப்படுறதுக்கு.

சில் நல்லாயிருந்தால் மெழுகு அடிக்கலாம், ஆனா உலராத சில்லுக்குள்ள அடிச்சால் ஈரத்தைப் பூட்டி வைக்கிறீங்கள். ஈரமானி சொன்ன கருவியை ரெண்டு கிழமை ஓடவிட்டு, கம்பளத்தைக் கழற்றி, சில்லின்ர அடி மூட்டில் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால குத்தித் திறந்து, பிறகு அடியுங்கோ. டைனிட்ரோல், பில்ட் ஹாம்பர் டைனாக்ஸ் எஸ்50 மாதிரி குழிவு மெழுகு, சுத்திவரத் தெளிக்கிற நீள முனையோட. பக்கத்துக்கு 750 மி.லி. கான் ஒண்டு தாராளம். 15 பாகைக்குக் கீழே எண்டால் மெழுகு ஊர்ந்து மூட்டுக்குள்ள போகாது. கானை இளஞ்சூட்டுத் தண்ணியில வைச்சு எடுங்கோ, கொதிதண்ணியில இல்லை. முனையை உள்ளே கடைசிவரை விட்டு, அடிச்சுக்கொண்டே மெதுவா வெளியே இழுக்கவேணும். முடிஞ்ச அடுத்த நாள் வடிகால் துளைகளைத் திரும்பக் குத்தி விடுங்கோ. இதை மறந்தால் மெழுகே அடைப்பாகி, தண்ணியைத் தேக்கும் தொட்டி ஒண்டைச் செய்து வைச்சிருப்பீங்கள்.

பற்றறியையும் பாருங்கோ. இந்தக் காரில் அது டிக்கிக்குள்ள இருக்கு. கம்பனி போட்டது மூடிய ஏஜிஎம் வகை, வாயு வெளியேறுகிற ரெண்டு குழாயோட. ஆரோ மலிவா சாதாரண அசிட் பற்றறியைக் குழாய் இல்லாமல் போட்டிருந்தால் அசிட் ஆவி டிக்கித் தளத்தைத் தின்னும். கம்பளத்துக்குக் கீழே பெயின்ற் உரிஞ்சிருந்தால் சமையல் சோடாக் கரைசலால கழுவி, உலரவைச்சு, பெயின்ற் அடியுங்கோ.

கடைசியா, குளிர்காலத்தில கிழமைக்கு ஒருக்கா அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி விடுற பழக்கம் இருந்தால் விடுங்கோ. ஒரு லீற்றர் பெற்றோல் எரிஞ்சால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணி பிறக்கும். அது சைலன்சரிலயும் எஞ்சின் ஒயிலிலயும் தங்கும். ஒண்டில் 30 கிலோமீற்றர் ஓடுங்கோ, இல்லாட்டி தொடாதேங்கோ.

நீலரோட்ஸ்டர்:

பாலித்தீன் சோதனை முடிவு: கதவோரத் தாள் மட்டும் அடியில் நனைந்து கான்கிரீட் கறுத்திருக்கிறது. மற்ற இரண்டும் அடியில் உலர்வு, மேலே நனைவு. வெளித்தளம் கதவை நோக்கிச் சரிகிறது.

வடிகால்: வலது பக்கம் நன்றாக இறங்குகிறது, இடது பக்கம் சொட்டுகிறது. சில் இரண்டும் கணீர்.

ஹார்ட்டாப், லிஃப்ட், காயில்ஓவர் பற்றி யாரும் சொல்லவில்லையே.

ஈரமானி:

அப்படியானால் தரையின் நடுப்பகுதியைப் பற்றிக் கவலை வேண்டாம். வாசலுக்கு வெளியே, ரப்பர் பட்டைக்கு முன்னால், கதவின் முழு அகலத்துக்கும் ஒரு வாய்க்கால் வடிகால் பதியுங்கள். வாய்க்கால் கம்பித்தட்டு தளத்தைவிட 3 மி.மீ. தாழ்ந்திருக்கவேண்டும், மேலே நின்றால் தண்ணீர் தாண்டி ஓடும். சுற்றிலும் கீழேயும் 100 மி.மீ. கான்கிரீட்.

எபாக்ஸியைக் கோடைவரை தள்ளிப்போடுங்கள். 10 டிகிரிக்குக் கீழே அது சரியாக இறுகாது, கதவோர ஈரமும் போகவேண்டும். பூசும்போது ஆசிட் ஊற்றிக் கழுவுவதைவிட வைரத் தட்டால் தேய்ப்பது நம்பகமானது. ஒற்றை டப்பாவில் வரும் கேரேஜ் பெயிண்ட் சூடான டயரில் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். ரெசினும் இறுக்கியும் தனித்தனி டப்பாவில் வருவதை வாங்குங்கள். அவசரம் என்றால் கோத்துப் போடும் 7 மி.மீ. பிவிசி ஓடு நல்லது, ஆனால் டயர் நிற்கும் இடத்தில் நாளடைவில் பழுப்புக் கறை விழும், அது போகாது. அந்த நான்கு இடங்களுக்குக் கறுப்பு ஓடு போடுவது எளிய தந்திரம்.

நால்வழிச்சாவி:

ஹார்ட்டாப் சுமார் 20 கிலோதான், ஆனால் பின்கண்ணாடிப் பக்கம் கனம். நடுவில் ஒற்றைக் கயிறு போட்டால் சாயும். இரண்டு பட்டை வேண்டும், ஒன்று முன்விளிம்பிலும் ஒன்று பின்விளிம்பிலும்.

முதலில் கதவைத் திறந்து வைத்து அளவெடுங்கள். உள்ளே சாயும் கதவு கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் கூரையடியை அடைத்துக்கொள்ளும். காரை மூக்கு முன்னாக விட்டால் ஹார்ட்டாப் ஏறும் இடமும் கதவும் மோதும். பின்னோக்கி விட்டால் காக்பிட் பின்சுவர்ப் பக்கம் வந்துவிடும், மோதாது.

மரச் சட்டங்களின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்றால் அந்த வேலை முதலில். நல்ல மரம் என்றால் 47க்கு 100 மி.மீ. மரம் இரண்டை மூன்று சட்டங்களின் மேலும் கிடைமட்டமாக வைத்து, அவற்றில் எம்10 வளையப் போல்ட்டைக் கீழிருந்து மேலாக ஊடுருவவிட்டு, மேலே அகல வாஷரும் பூட்டு நட்டும் போடுங்கள். சட்டத்தின் அடியில் கொக்கியைத் திருகி மாட்டாதீர்கள். மரநார் மட்டும் பிடிக்கும் திருகு அசைவில் தளரும். இறக்கி ஏற்றத் தானே பிரேக் பிடிக்கும் கைவின்ச் வாங்குங்கள். ஏற்றியபின் வின்சைத் தவிர இரண்டு தனிப் பட்டையால் மரத்தோடு கட்டுங்கள். ஹார்ட்டாப்பைத் தூக்கும் முன் பின்கண்ணாடி ஹீட்டர் ஒயரின் பிளக்கைக் கழற்ற மறப்பவர்கள்தான் அதிகம்.

உயரக் கணக்கு: கார் 1.23 மீட்டர். ஹார்ட்டாப் பட்டையோடு அரை மீட்டர் பிடிக்கும், அடிவிளிம்பு சுமார் 1.7 மீட்டரில் நிற்கும். காரை ஸ்டாண்டில் 40 செ.மீ. தூக்கினால் இடைவெளி ஒரு சாணுக்கும் குறைவு. இந்த உயரத்தில் நான்கு தூண் லிஃப்டை மறந்துவிடுங்கள். தாழ்வான சட்ட வகை லிஃப்ட் ஆகும், ஆனால் எம்எக்ஸ்-5 இன் ஜாக் புள்ளிகளுக்கு இடையே தூரம் குறைவு, சில லிஃப்டுகளின் சட்டம் அதைவிட நீளம். அளந்துவிட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் ஒரு தாழ்ந்த ட்ராலி ஜாக்கும் நான்கு நல்ல ஆக்சில் ஸ்டாண்டும் போதும். முன்னால் குறுக்குச் சட்டத்தின் நடு, பின்னால் டிஃபரென்ஷியல் கூடு: ஜாக் அங்கே. ஸ்டாண்ட், பக்க மடிப்பில் வலுப்படுத்திய புள்ளிகளில், பள்ளம் வெட்டிய ரப்பர் திண்டோடு. தரைத்தட்டின் அடியில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய தண்டவாளம் ஜாக் வைக்க அல்ல. பல கார்களில் அது நசுங்கிக் கிடப்பது அதனால்தான்.

காயில்ஓவருக்கு முன் புஷ் (சஸ்பென்ஷன் கைகளின் மூட்டில் உள்ள ரப்பர் உருளை). முப்பது வருட ரப்பரில் எந்த ஷாக் அப்சார்பர் போட்டாலும் கார் அலையும். கீழ்க்கைகளின் எட்டு கேம் போல்ட்டுகள் (சுழற்றினால் சக்கரத்தின் கோணம் மாறும்), ஒரு சக்கரத்துக்கு இரண்டு, புஷ்ஷின் உள்குழலோடு துருவால் ஒட்டியிருக்கும். எண்ணெய் அந்தக் குழலுக்குள் போவதில்லை, ஆகவே எண்ணெய் அடித்துக் காத்திருந்து பயனில்லை. சுழலவில்லை என்றால் அரத்தூள் பறக்க இரண்டு பக்கமும் வெட்டி எடுக்கத் தயாராகுங்கள். புதிய போல்ட் எட்டும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கழற்றும் முன் கேமின் நிலையைப் பெயிண்டால் குறியுங்கள்.

மாட்டும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு: சக்கரம் தொங்கும் நிலையில் ரப்பர் புஷ் போல்ட்டை முறுக்குவது. ரப்பர் அந்தக் கோணத்தில் பிணைந்துவிடும். காரை இறக்கியதும் முறுக்கி நிற்கும், கார் உயரமாக உட்காரும், சில மாதங்களில் ரப்பர் கிழியும். போல்ட்டைக் கையால் மட்டும் இறுக்கி, நான்கு சக்கரத்தையும் சம உயர மரக்கட்டை மேல் இறக்கி, சற்று உருட்டி, பிறகு டார்க் குறடால் முறுக்குங்கள்.

அலைன்மெண்டுக்குச் சாலைத் தொடக்கமாக: முன் கேம்பர் (சக்கரத்தின் செங்குத்துச் சாய்வு) மைனஸ் 1 டிகிரி, பின் மைனஸ் 1.5, முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பும் அளவு) பூஜ்யம், பின் டோ மொத்தம் 3 மி.மீ. உள்நோக்கி.

அடியில் படுத்திருக்கும்போதே பின் பிரேக் காலிப்பரையும் பாருங்கள். நின்ற காரில் முதலில் இறுகுவது அதன் வழுக்குப் பின்கள். சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். காப்பர் கிரீஸ் ரப்பர் உறையை உப்பவைக்கும். பின் பிஸ்டனை ஜி-கிளாம்பால் தள்ளினால் கைபிரேக் பொறி உடையும். காலிப்பர் பின்புறம் உள்ள மூடிப் போல்ட்டைக் கழற்றி, உள்ளே 4 மி.மீ. ஆலன் சாவியை எதிர்க்கடிகாரத் திசையில் சுற்றினால் பிஸ்டன் உள்ளே போகும். புதிய பேட் போட்டபின் கடிகாரத் திசையில் பேட் தட்டைத் தொடும்வரை சுற்றி, மூன்றில் ஒரு சுற்று பின்வாங்குங்கள். இது சரியாக இருந்தால் கைபிரேக் கேபிளை இழுத்துச் சரிசெய்யும் வேலையே பெரும்பாலும் வராது.

கறள் எதிரி:

நால்வழிச்சாவி சொன்னதோட ஒண்டு: மெழுகு அடிக்க முதலே புஷ் போல்ட் வெட்டுற வேலையை முடியுங்கோ. கிரைண்டர் பொறியும் ஈர மெழுகும் பக்கத்தில இருக்கக்கூடாது. இடது வடிகால் சொட்டுது எண்டீங்கள், அதை இண்டைக்கே எடுங்கோ. மற்றதெல்லாம் கிழமைக்கணக்கில காத்திருக்கும், அது ஒவ்வொரு மழைக்கும் உள்ள ஊத்திக்கொண்டிருக்கு.

நீலரோட்ஸ்டர்:

எடுத்தாயிற்று. நைலான் நூலோடு ஒரு கைப்பிடி பைன் ஊசி வந்தது. அரை லிட்டர் இப்போது ஊற்றுகிற வேகத்தில் இறங்குகிறது. வாய்க்கால் வடிகாலுக்கு மீட்டர் கணக்கு எடுத்துவிட்டேன். தண்ணீர் போய்ச் சேர இடம் வேண்டும், மழைநீர்க் குழாயின் குழியில் சேர்க்கலாமா, தனி உறிஞ்சுகுழி தோண்டவேண்டுமா?

ஈரமானி:

மழைநீருக்கென்றே உள்ள குழி என்றால் சேர்க்கலாம். கழிவுநீர்க் குழாயில் போய்ச் சேரும் குழி என்றால் உள்ளூர் நீர் நிறுவனத்தைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். உறிஞ்சுகுழி தோண்டினால் எந்தக் கட்டடத்துக்கும் 5 மீட்டர் தள்ளி. மண் களிமண்ணா என்று முதலில் ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் அங்கே உறிஞ்சுகுழி வேலைக்காகாது.